கடைப் பெயரா, கம்பெனிப் பெயரா? பாக்கெட்டைத் திருப்பிப் பார்ப்போம்

(நமது சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம். பேசியவர், கூட்டுறவுப் பண்டகசாலையில் கொள்முதல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற நமது உறுப்பினர். உரைக்குப் பின் உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும் கடைசியில் தரப்பட்டுள்ளன.)



போன கூட்டத்தில் மளிகைச் செலவு ஏறிக்கொண்டே போவதைப் பற்றிப் பேச்சு வந்தது. அப்போது ஒரு அம்மா கேட்ட கேள்விதான் இன்றைக்குத் தலைப்பு. நாகப்பட்டினத்திலும் திருவாரூரிலும் இருக்கிற பெரிய கடைகளுக்குப் போனால், அந்தக் கடையே தன் பெயரைப் போட்டு உப்பு, சர்க்கரை, பருப்பு, மசாலா, சோப்பு என்று விற்கிறது. அதே தட்டில் பக்கத்திலேயே டிவியில் விளம்பரம் வருகிற கம்பெனிப் பொருளும் இருக்கிறது. கடைப் பெயர் போட்டது விலை குறைவு. "இரண்டும் ஒன்றுதானா, இல்லை, விலை குறைவு என்றால் சரக்கும் மட்டமா?" என்று கேட்டார்கள்.

இதற்கு ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் கிடையாது. எந்தப் பொருள் என்று கேட்டுக்கொண்டால் பதில் தானாக வந்துவிடும். சில பொருளில் பெயருக்குக் கொடுக்கிற காசு முழுக்க வீண். சில பொருளில் அது நியாயமான காசு. ஒன்றிரண்டு பொருளில் பெயரைப் பார்த்து ஏமாந்தால் உடம்புக்கே கேடு. அதைத்தான் பிரித்துச் சொல்லப் போகிறேன்.

யார் செய்கிறார்கள்?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். கடைப் பெயர் போட்ட பொருளைக் கடைக்காரர் செய்வதில்லை. அவருக்குப் பெரும்பாலும் தொழிற்சாலை கிடையாது. வேறொருவரிடம் செய்யச் சொல்லி, தன் பெயர் அச்சடித்த உறையில் போட்டு வாங்குகிறார். பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள். "தயாரிப்பவர்", "பொட்டலமிடுபவர்", "சந்தைப்படுத்துபவர்" என்று தனித்தனியாகப் போட்டிருக்கும். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. டிவியில் வருகிற கம்பெனிகளிலும் பல, எல்லாப் பொருளையும் சொந்தமாகச் செய்வதில்லை. அவர்களும் வெளியில் கொடுத்துச் செய்து வாங்குகிறார்கள்.

அப்படியானால் ஒரே தொழிற்சாலையிலிருந்து இரண்டும் வந்தால் இரண்டும் ஒன்றுதானே என்று கேட்பீர்கள். அவசரப்படக் கூடாது. ஒரே அடுப்பில் சர்க்கரைப் பொங்கலும் வைக்கலாம், கஞ்சியும் காய்ச்சலாம். ஆர்டர் கொடுப்பவர் என்ன விலைக்கு என்ன தரம் கேட்டாரோ அதுதான் பாக்கெட்டில் இருக்கும்.

இது புது வழக்கமும் இல்லை. இங்கிலாந்தில் செயின்ஸ்பரி என்ற கடை 1882இலேயே தன் பெயரில் பன்றி இறைச்சி விற்க ஆரம்பித்தது. நம் பக்கத்தில் நீல்கிரிஸ் கடைகள் தங்கள் பெயரிலேயே ரொட்டியும் வெண்ணெயும் விற்றன. ரேஷன் கடையில் நீங்கள் பார்க்கிற ஊட்டி டீயும் அரசு உப்பும்கூட இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

விலை ஏன் குறைகிறது? விளம்பரச் செலவு கிடையாது. நடிகருக்குச் சம்பளம் கிடையாது. நடுவில் ஏஜென்ட், சப்-ஏஜென்ட் என்று கைமாறுவது குறைவு. மொத்தமாக வாங்குவதால் கொள்முதல் விலையும் குறையும். ஆக, விலை குறைவதற்குச் சரக்கு மட்டமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. மட்டமாக இருக்கவே முடியாது என்பதும் இல்லை.

சட்டம் அளவு வகுத்த பொருள்கள்

உப்பை எடுத்துக்கொள்வோம். உப்பு நம் மாவட்டத்துப் பொருள். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்து உப்பு அள்ளிய வேதாரண்யம் நமக்குக் கூப்பிடு தூரம். அங்கே பாத்தியில் விளைகிற உப்பு யார் யார் பெயரிலோ பாக்கெட்டாகித் திரும்பி வருகிறது. அயோடின் கலந்த உப்பு என்றால், ஈரம் நீக்கிய கணக்கில் 96 சதவீதத்துக்குக் குறையாமல் சோடியம் குளோரைடு இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. தயாரிக்கும் இடத்தில் பத்து லட்சத்துக்கு 30 பங்கும், நம் கைக்கு வரும்போது 15 பங்குக்குக் குறையாமலும் அயோடின் இருக்க வேண்டும். இந்த விதி ஐந்து ரூபாய் உப்புக்கும் ஒன்றுதான், முப்பது ரூபாய் உப்புக்கும் ஒன்றுதான். அதனால் சாதாரண அயோடின் உப்பில் விலை குறைந்ததை வாங்கினால் எதையும் இழக்கப் போவதில்லை. அந்த மிச்சக் காசில் மூடி இறுக்கமான ஒரு ஜாடி வாங்குங்கள். அடுப்பங்கரையில் திறந்து வைத்த உப்பில் ஈரம் ஏறும், அயோடினும் குறைந்துகொண்டே போகும்.

சர்க்கரையும் அப்படித்தான். ஆலையிலிருந்து மூட்டையாக வருவதைத்தான் எல்லாரும் பிரித்துப் பாக்கெட் போடுகிறார்கள். மணி பெரிதா சிறிதா என்பதுதான் வித்தியாசம். பெரிய மணி இனிப்பு கூடுதல் என்று சொல்வது வெறும் நம்பிக்கை.

பாலுக்கு வருவோம். ஆவினில் நீல நிறப் பாக்கெட் சமன்படுத்தப்பட்ட பால், கொழுப்பு 3 சதவீதம். பச்சை நிலைப்படுத்தப்பட்ட பால், 4.5 சதவீதம். ஆரஞ்சு நிறை கொழுப்புப் பால், 6 சதவீதம். இந்த மூன்று அளவும் ஆவினுக்கு மட்டும் உரியவை அல்ல. அந்தப் பெயரில் பால் விற்கும் எல்லா நிறுவனத்துக்கும் குறைந்தபட்ச அளவு அதுதான். ஆனால் உறையின் நிறம் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் நிறத்தை நிறத்தோடு ஒப்பிடாமல், பாலின் வகையை வகையோடு ஒப்பிட்டு விலை பாருங்கள்.

விஷயம் தெரிந்தவர்கள் எதை வாங்குகிறார்கள்?

இதைப் பற்றி அமெரிக்காவில் நான்கு பொருளியல் அறிஞர்கள் சேர்ந்து ஆராய்ந்தார்கள். 2015இல் அது வெளியானது. தலைவலி மாத்திரை வாங்கும்போது சாதாரண ஜனங்கள் நூற்றுக்கு 26 முறை பேர் பெற்ற கம்பெனியின் மாத்திரையை வாங்குகிறார்கள். மருந்தாளுநர்கள் தங்கள் வீட்டுக்கு வாங்கும்போது 9 முறைதான் அதை வாங்குகிறார்கள். மற்ற நேரமெல்லாம் கடைப் பெயர் போட்ட மாத்திரை. உப்பு, சர்க்கரை மாதிரிச் சாமான்களில் சமையல் தொழில் செய்பவர்களும் அப்படியே. மற்றவர்களைவிடக் கம்பெனிப் பெயருக்கு அவர்கள் செலவழிப்பது குறைவு.

நம் ஊரில் கல்யாண சமையல் செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். உப்புக்கும் சர்க்கரைக்கும் கம்பெனிப் பெயர் எழுதித் தர மாட்டார்கள். அதே ஆள் பெருங்காயத்துக்கும் நெய்க்கும் காபித்தூளுக்கும் "இன்ன கடையில் இன்னதுதான் வாங்க வேண்டும்" என்று அடித்துச் சொல்வார். எங்கே பெயர் முக்கியம், எங்கே முக்கியமில்லை என்பது அவருக்குத் தெரியும்.

அரிசிப் பையில் என்ன எழுதியிருக்கிறது?

இனி நம் சொந்த விஷயம். நெல் விளைகிற ஊரில் இருந்துகொண்டு நாமே பை அரிசி வாங்கிச் சாப்பிடுகிறோம். அறுத்த நெல் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. வீட்டுக்கு எங்கிருந்தோ வண்ணப் பையில் அரிசி வருகிறது. அந்தப் பையில் பூ, யானை, மயில், சாமி என்று என்னவெல்லாமோ இருக்கும். என்ன நெல் என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது.

பையில் இருக்கிற பெயர் ஆலைக்காரர் பெயர் அல்லது வியாபாரி பெயர். அது நெல்லின் பெயர் இல்லை. ஒரே ஆலை நான்கு வியாபாரிகளுக்கு நான்கு அச்சடித்த பையில் பிடித்துக் கொடுக்கலாம். ஒரே வியாபாரி இந்த மாதம் ஒரு ஆலையிலும் அடுத்த மாதம் வேறு ஆலையிலும் வாங்கி ஒரே பெயர் போட்ட பையில் விற்கலாம். "போன தடவை சாதம் உதிரியாக இருந்தது, இந்தத் தடவை குழைகிறது, அதே பைதானே" என்று வீட்டில் சண்டை வருகிறதே, காரணம் இதுதான்.

"பொன்னி" என்ற பெயரையே பாருங்கள். அது காவிரிக்கு இன்னொரு பெயர். ஆனால் பொன்னி என்ற நெல்லுக்கு மூலம் மலேசியாவிலிருந்து வந்த மஷூரி. அதிலிருந்து தேர்ந்தெடுத்து மேம்படுத்திய வெள்ளைப் பொன்னி 1986இல் வெளியானது. நாம் டீலக்ஸ் பொன்னி, ஆந்திரா பொன்னி என்று வாங்குவது பிபிடி 5204, ஆந்திராவில் பாபட்லா ஆராய்ச்சி நிலையம் கொடுத்த சம்பா மஷூரி. அது வேறு ரகம். இன்றைக்குப் பையில் பொன்னி என்று போட்டால் "சன்ன அரிசி" என்பதற்கு மேல் அதில் பெரிதாக ஒரு பொருளும் இல்லை. நம் வயலில் சம்பாவில் விளைகிற சிஆர் 1009, அதாவது பொன்மணி, குட்டை மோட்டா ரகம். இட்லிக்கு அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அதே அரிசியை "இட்லி அரிசி ஸ்பெஷல்" என்று பை போட்டால் விலை கூடிவிடுகிறது.

வரிக் கதையும் ஒன்று உண்டு. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது, பதிவு செய்த பிராண்டு பெயர் போட்ட பை அரிசிக்கு 5 சதவீதம் வரி, பெயர் இல்லாததற்கு வரி இல்லை. அதனால் பலர் பிராண்டு உரிமையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். பிறகு 2022 ஜூலை 18 முதல் பிராண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், 25 கிலோ வரை அடைத்து லேபிள் ஒட்டிய பைக்கு 5 சதவீதம் என்று மாற்றினார்கள். அன்றிலிருந்துதான் கடைகளில் 26 கிலோ பை வந்தது. ஒரு கிலோ கூடினால் வரி கிடையாது. ஆகவே 25 கிலோ பைக்கும் 26 கிலோ பைக்கும் விலை ஒப்பிடும்போது மொத்த விலையைப் பார்க்காதீர்கள். கிலோவுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள்.

அரிசியில் பெயரை விட்டுவிட்டு நான்கு கேள்வி கேட்கலாம். என்ன ரகம்? எத்தனை மாதப் பழசு? பச்சையா, ஒரு அவியலா, இரண்டு அவியலா? குருணை எவ்வளவு? இதற்குப் பதில் சொல்லத் தெரிந்த கடைக்காரர் யாரோ அவரிடம் வாங்குங்கள், பை எதுவாகவும் இருக்கட்டும். முதலில் ஒரு கிலோ வாங்கி வடித்துப் பார்த்துவிட்டு மூட்டை எடுங்கள். பருப்புக்கும் இதே விதிதான். மணி ஒரே அளவாக இருக்கிறதா, உடைசல் எவ்வளவு, தூசு எவ்வளவு என்று கண்ணே சொல்லிவிடும்.

கைப்பக்குவம் உள்ள பொருள்கள்

மூன்றாவது வகை, செய்முறையைப் பொறுத்தது. சாம்பார் பொடி, ஊறுகாய், பிஸ்கட், காபித்தூள், சோப்பு. இதில் எதுவும் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. பிடித்த ருசிக்குக் காசு கொடுப்பதில் தப்பே இல்லை. ஆனால் ருசிக்குத்தான் கொடுக்கிறோமா, தண்ணீருக்கும் நிரப்புப் பொருளுக்கும் கொடுக்கிறோமா என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

காபி நமக்கு உயிர். கும்பகோணம் டிகிரி காபி குடித்து வளர்ந்த பூமி இது. காபியும் சிக்கரியும் கலந்த தூளில் சிக்கரி 49 சதவீதம் வரை போகலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. காபி குறைந்தது 51 இருக்க வேண்டும். எத்தனைக்கு எத்தனை என்பதைப் பாக்கெட்டில் போட்டே ஆக வேண்டும். சிக்கரி காபியைவிட மலிவு. எனவே 80க்கு 20 கலவையையும் 51க்கு 49 கலவையையும் பக்கத்தில் வைத்து "இது மலிவாக இருக்கிறதே" என்றால் அது ஒப்பீடே இல்லை.

குளியல் சோப்பில் டிஎஃப்எம் என்று ஒரு எண் இருக்கும். மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு அது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் கணக்கில் 76 சதவீதத்துக்கு மேல் முதல் தரம், 70க்கு மேல் இரண்டாம் தரம், 60க்கு மேல் மூன்றாம் தரம். இன்னொரு பக்கம் "குளியல் கட்டி" என்று போட்டு விற்பது சோப்பு என்ற கணக்கிலேயே வராது. அதில் 40 இருந்தாலே போதும். புகழ் பெற்ற பெயர்களிலும் இரண்டாம், மூன்றாம் தரம் உண்டு. கடைப் பெயரிலும் முதல் தரம் உண்டு. உறையில் எண்ணைப் பாருங்கள், வாசனையில் மயங்க வேண்டாம்.

எண்ணெயில்தான் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். முன்பக்கம் எள்ளுச் செடி படம் இருக்கும், சாமி விளக்கு படம் இருக்கும். திருப்பினால் "விளக்கேற்ற மட்டும்" என்றிருக்கும். அதைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது. இன்னொன்றில் "கலப்புத் தாவர எண்ணெய்" என்றிருக்கும். கலப்பு எண்ணெய் விற்பது தப்பில்லை. ஆனால் எது எத்தனை சதவீதம் என்று போட வேண்டும், அக்மார்க் முத்திரையும் இருக்க வேண்டும். கலப்பு எண்ணெயை நல்லெண்ணெய் விலைக்கு வாங்கினால் நஷ்டம் நமக்குத்தான்.

மாத்திரை: பெயர் மாறினால் என்ன ஆகும்?

இன்றைக்கு நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். மளிகையில் ஏமாந்தால் பத்து ரூபாய் போகும். மாத்திரையில் இந்தப் பெயர்க் குழப்பம் உயிர்வரை வரும்.

நம் சங்கத்தில் பாதிப் பேர் சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறோம். மெட்பார்மின், அம்லோடிபின் எல்லாம் பழைய மருந்துகள். காப்புரிமைக் காலம் முடிந்து பல வருடம் ஆகிறது. யார் வேண்டுமானாலும் உரிமம் வாங்கிச் செய்யலாம். அதனால் ஒரே மருந்துக்குக் கடையில் நூறு பெயர். அட்டையைப் பாருங்கள். மருந்தின் பெயருக்குப் பின்னால் "ஐபி" என்று இரண்டு எழுத்து இருக்கும். இந்திய மருந்துத் தரநூல் சொன்ன அளவுப்படி செய்தது என்று பொருள். விலை குறைந்ததற்கும் கூடியதற்கும் அந்தத் தரநூல் ஒன்றே. 2018 செப்டம்பரிலிருந்து, மருந்தின் பொதுப் பெயரைக் கம்பெனி வைத்த பெயரைவிடப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்றும் விதி வந்துவிட்டது.

பொதுப் பெயரில் மலிவாக விற்கும் கடைகளும் நிறைய வந்துவிட்டன. மத்திய அரசின் மக்கள் மருந்தகத் திட்டம் 2008இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2014இல் கூட்டுறவு மூலம் அம்மா மருந்தகங்கள் வந்தன. 2025 பிப்ரவரி 24 அன்று முதல்வர் மருந்தகங்கள் ஆயிரம் இடங்களில் திறக்கப்பட்டன. மக்கள் மருந்தகத்தில் 50 முதல் 90 சதவீதம் வரை விலை குறைவு என்பது அரசு சொல்லும் கணக்கு. ஓய்வூதியத்தில் பெரும் பங்கு மருந்துக்கே போகிற வீடுகள் இங்கே இருக்கின்றன. மாதக் கடைசியில் காசு போதாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை போட்டுக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன்: விலை கூடிய மாத்திரையைப் பாதி நாள் சாப்பிடுவதைவிட, விலை குறைந்த மாத்திரையைத் தினம் தவறாமல் சாப்பிடுவது நூறு மடங்கு மேல்.

தரம் எப்படி என்று சந்தேகம் வருவது நியாயம்தான். அரசு மருத்துவமனைக்கு மருந்து வாங்குவதற்கென்றே 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைக்கப்பட்டது. வருகிற மருந்தைத் தொகுதி தொகுதியாக எடுத்து, எந்தக் கம்பெனி என்று தெரியாதபடி குறியீடு போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். தேறினால்தான் நோயாளிக்குப் போகும். பிற மாநிலங்களும் இதைப் பார்த்துப் பின்பற்றின. மறுபக்கமும் சொல்ல வேண்டும். தரம் தேறாத மருந்துகளின் பட்டியலை மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதாமாதம் வெளியிடுகிறது. அதில் சின்னக் கம்பெனியும் வரும், பேர் பெற்ற கம்பெனியின் பெயர் போட்ட மருந்தும் வரும். பெயர் ஒன்றே காப்பு என்று இருக்க முடியாது.

ஆனால் நான்கு எச்சரிக்கை.

ஒன்று. பெயரும் மில்லிகிராமும் மட்டும் பார்த்தால் போதாது. சாதாரண மெட்பார்மின் 500 வேறு, அதற்குப் பின்னால் "எஸ்ஆர்" என்று போட்டு மெல்ல மெல்லக் கரைகிற மெட்பார்மின் 500 வேறு. ஒன்றுக்குப் பதில் மற்றொன்று கிடையாது.

இரண்டு. சில மருந்துகளில் அளவு இம்மி மாறினாலும் உடம்பு காட்டும். தைராய்டுக்குத் தைராக்சின், வலிப்புக்குப் பெனிடோயின், ரத்தம் உறையாமல் இருக்க வார்பரின். இவற்றில் மலிவு கிடைக்கிறது என்று மாதம் ஒரு கம்பெனி மாற்றக் கூடாது. மாற்றுவதானால் டாக்டரிடம் சொல்லி மாற்றி, அவர் சொல்லும் காலத்தில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

மூன்று. டாக்டர் கம்பெனிப் பெயர் எழுதியிருந்தால், அவரைக் கேட்காமல் மருந்துக் கடைக்காரர் வேறு பெயர் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. அதனால் கடையில் போய் வாதாடாதீர்கள். டாக்டரிடமே "பொதுப் பெயரில் எழுதித் தர முடியுமா?" என்று கேளுங்கள். கேட்பதில் குற்றம் இல்லை.

நான்கு. இதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். மலிவு மருந்தகத்தில் வாங்கிய மாத்திரைக்கு நிறம் வேறு, அட்டை வேறு, பெயர் வேறு. வீட்டில் பழைய அட்டையும் இருக்கும். பெரியவர்கள் இரண்டும் இரண்டு மருந்து என்று நினைத்து இரண்டையும் போட்டுக்கொள்கிறார்கள். ஒரே சர்க்கரை மாத்திரை இரண்டு மடங்காக உள்ளே போனால் தலைசுற்றல், வியர்வை, மயக்கம். ரத்த அழுத்த மாத்திரை இரட்டித்தால் எழுந்து நிற்கும்போது கீழே விழுவார்கள். மருந்து நல்ல மருந்துதான், ஆபத்து அதன் இரண்டு பெயரில். ஆகவே மாற்றி வாங்கிய அன்றே பழைய அட்டையை எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். புது அட்டையின் மேல் "சர்க்கரைக்கு, காலை" என்று தமிழில் பேனாவால் எழுதி ஒட்டுங்கள். தனியாக இருக்கும் பெரியவர்களுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இந்த ஒரு உதவியைச் செய்து கொடுக்க வேண்டும்.

எது கடைப் பெயர் இல்லை?

பெயரே இல்லாத பொட்டலம் கடைப் பெயர்ப் பொருள் ஆகாது. மூட்டையைப் பிரித்து வெறும் பாலிதீன் கவரில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். தேதி இல்லை, முகவரி இல்லை, உரிம எண் இல்லை. குறை என்றால் யாரைப் போய்க் கேட்பது? மசாலாப் பொடி, எண்ணெய் இரண்டையும் அப்படி வாங்கவே வேண்டாம். சமையல் எண்ணெயைச் சில்லறையாக அளந்து விற்பதற்கே தடை இருக்கிறது.

இன்னொன்று, பிரபலமான பெயரில் ஒரு எழுத்தை மட்டும் மாற்றி, அதே நிறம், அதே எழுத்துருவில் வருவது. இது ஏமாற்று. கண்ணாடி போடாமல் கடைக்குப் போகிற நம்மை நம்பித்தான் அதை அச்சடிக்கிறார்கள்.

நாம் செய்யக் கூடியது

பாக்கெட்டைத் திருப்பினால் ஐந்து விஷயம் பாருங்கள்.

1. எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற எழுத்தோடு 14 இலக்க எண். முதல் எண் 1 என்றால் உரிமம் பெற்றவர், 2 என்றால் சிறு வியாபாரியாகப் பதிவு செய்தவர். இணையத்தில் அந்த எண்ணைப் போட்டால் யாருடையது என்று தெரியும்.
2. தயாரித்தவர் பெயரும் முகவரியும்.
3. சேர்மானப் பட்டியல். அதிகம் உள்ளது முதலில் வர வேண்டும். மிளகாய்ப் பொடியில் மிளகாய்க்கு அடுத்து வேறு ஏதாவது இருந்தால் யோசியுங்கள்.
4. தயாரித்த நாள், எதற்குள் பயன்படுத்த வேண்டும் என்ற நாள்.
5. நிகர எடையும், ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு என்ன விலை என்பதும். முன்பெல்லாம் பல பொருள்களை 100, 200, 500 என்று வகுத்த எடையில்தான் அடைக்க வேண்டும். இப்போது அந்தக் கட்டாயம் இல்லை. 450 கிராம் 90 ரூபாய், 500 கிராம் 95 ரூபாய் என்றால் 90தான் மலிவு என்று கை போகும். கணக்குப் போட்டால் முதலாவது கிராமுக்கு 20 பைசா, இரண்டாவது 19 பைசா.

சங்கத்துக்கு ஒரு யோசனை. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, வாங்குபவரே கட்டணம் கட்டி உணவுப் பொருளைப் பரிசோதிக்க உரிமை தருகிறது. பரிசோதனைக்காக வாங்குகிறோம் என்று கடைக்காரரிடம் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். பொருள் தேறவில்லை என்றால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் தஞ்சாவூரிலேயே இருக்கிறது. தனி ஆளாகச் செய்வது சிரமம். சங்கமாகச் சேர்ந்து காலாண்டுக்கு ஒரு பொருள், கடைப் பெயர் ஒன்று, கம்பெனிப் பெயர் ஒன்று என்று இரண்டு மாதிரி எடுத்து அனுப்பி, முடிவை இந்த இதழிலேயே போடலாம். அடுத்தவர் சொன்னதைக் கேட்டு நம்புவதைவிட அது உறுதியான பதில். முதலில் மிளகாய்ப் பொடியை எடுக்கலாம் என்பது என் கருத்து. செயற்குழு முடிவு செய்யட்டும்.



உறுப்பினர்கள் கேட்டவை

*"பச்சைக் குழந்தைக்குக் கொடுக்கும் பால் பவுடரில் மலிவானதற்கு மாறலாமா?"*

அதை மளிகைக் கணக்கில் சேர்க்காதீர்கள் அம்மா. குழந்தை மருத்துவரைக் கேட்காமல் எதையும் மாற்ற வேண்டாம். தாய்ப்பாலுக்குப் பதில் எதையும் விளம்பரம் செய்வதையே நம் நாட்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது.

*"இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்று கடைப் பெயரில்தான் அதிகம் போடுகிறார்களே?"*

முதலில் தேதியைப் பாருங்கள். முடியப் போகிற சரக்கைத் தள்ளிவிட அது ஒரு வழி. உப்பு, சோப்பு என்றால் பரவாயில்லை. கோதுமை மாவும் ரவையும் இரண்டு மாதத்தில் வண்டு வைத்தால் இலவசமாக வந்தது வண்டுதான்.

*"எம்ஆர்பிக்கு மேல் வாங்கினால் யாரிடம் சொல்வது?"*

எம்ஆர்பி என்பது எல்லா வரியும் சேர்ந்த உச்ச விலை. அதற்கு மேல் ஒரு பைசா வாங்கக் கூடாது. பில் வாங்கி வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். அளவு, எடைப் புகாரானால் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவு. உணவின் தரம் என்றால் நாகப்பட்டினத்தில் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகம்.

*"மொத்தத்தில் கடைப் பெயரா, கம்பெனிப் பெயரா, ஒரு வார்த்தையில் சொல்லுங்களேன்?"*

உப்பு, சர்க்கரை, பால்: விலை பாருங்கள். அரிசி, பருப்பு: சரக்கைப் பாருங்கள். காபி, மசாலா, சோப்பு: பின்பக்கத்து எண்ணையும் உங்கள் நாக்கையும் பாருங்கள். மாத்திரை: பொதுப் பெயரைப் பாருங்கள், டாக்டரைக் கேளுங்கள், பழைய அட்டையை எடுத்து அப்புறம் வையுங்கள்.